அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைக்கலாமா?

கேள்வி: டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். எனக்குக் கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மீனவ ஊர். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறேன். என் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஆறு வருஷமாக நான்தான் தலைவி. எங்கள் தெருவில் ஒரு பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். ஆனால் மாதம் நாலு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டாள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். பரீட்சை முடிந்ததும் படிப்பை நிறுத்தி, தாய்மாமன் மகனுக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. வரும் மகளிர் தினத்துக்குக் குழுவில் விழா வைக்கிறோம். எங்கள் ஊர் சுதந்திரப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாளைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் பிள்ளையை மேடைக்கு அழைத்து, நாங்கள் சேர்த்த 5,000 ரூபாயைக் கொடுத்து, இவளைப் படிக்க வையுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று நினைக்கிறோம். ஊர் பார்த்தால் அப்பா அம்மா மறுக்க முடியாது இல்லையா? எட்டாவது படித்த நான் இதையெல்லாம் பேசினால் எடுபடுமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

'மாதம் நாலு நாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். 31 வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன், கடைசி 9 வருஷம் தலைமையாசிரியையாக. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போது ஒரு பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று பார்ப்போம். எந்தெந்த நாள் வரவில்லை, போன மாதமும் அதே வாரம்தானா என்று பார்ப்பவர்கள் குறைவு. நானே ரொம்பத் தாமதமாகத்தான் பார்க்கப் பழகினேன். நீங்கள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுங்கள். விழா நடத்துங்கள். அஞ்சலை அம்மாளைப் பற்றி அவசியம் பேசுங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் மேடைக்குக் கூப்பிடாதீர்கள்.

ஏன் என்று சொல்ல, நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது இருந்த பள்ளிக்கு ஒருவர் பத்துப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி கொடுக்க வந்தார். நல்ல மனிதர். யார் யாருக்கு என்று பட்டியல் எழுதியது நான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர்களைப் படித்ததும் நான்தான். பிள்ளைகள் வரிசையை விட்டு வெளியே வந்து, துணியை வாங்கி, போட்டோவுக்கு நின்றார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சில் இருப்பவள், தலையைத் தூக்கவே இல்லை. "நிமிர்ந்து பாரும்மா" என்று போட்டோ எடுப்பவர் மூன்று தடவை சொன்னார். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தத் துணியைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "எங்க கஷ்டம் எங்களோட இருக்கட்டும் டீச்சர். அதை இத்தனை பேருக்கு முன்னால வாசிச்சிட்டீங்களே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் அப்புறம் வேறு பள்ளியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். படிப்பை விடவில்லை என்பது எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

உங்கள் யோசனையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஊர் பார்த்தால் பெற்றவர்கள் மறுக்க முடியாது என்கிறீர்கள். மேடையில் மறுக்க மாட்டார்கள், சரி. வீட்டுக்குப் போன பிறகு? கடலுக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒரு மனிதரை, உன் மகளைப் படிக்க வைக்க உனக்குத் தெரியவில்லை என்று நாலு பேர் நடுவில் சொன்னதாகத்தான் அவருக்குப் படும். அந்த அவமானத்தின் சூடு யார் மேல் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். மார்ச் 8 வேறு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் நேரம். அந்த வாரத்தில் அவளுக்கு வேண்டியது அமைதி.

ஆகவே முதலில் அம்மாவிடம் போங்கள். தனியாகப் போங்கள். குழுவாகத் திரண்டு போனால் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். மீன் விற்று முடித்து வந்து, அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். போனவுடன் படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். ஏன் நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை கேளுங்கள்.

நான் போன வீடுகளில் எல்லாம் கேட்ட பதில் அநேகமாக ஒன்றுதான். "விடியக்காலையில நான் ஏலத்துக்குப் போயிடறேன். அவரு கடலுக்குப் போனா எப்ப வருவாரோ. வயசுக்கு வந்த புள்ளைய வீட்ல தனியா விட்டுட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?" இதைப் படிக்காதவர்களின் அறியாமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது பயம். காரணம் உள்ள பயம். கல்யாணம் செய்து கொடுத்தால் பொறுப்பு கை மாறும் என்று அவர் நினைக்கிறார்.

அந்தப் பயத்துக்குத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பத்தாவதோடு நிறுத்தினால் அந்தப் பிள்ளை விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரை அதே வீட்டில் தனியாகத்தானே இருப்பாள்? பள்ளிக்கூடம் போனால் காலை ஒன்பதில் இருந்து சாயங்காலம் நாலரை வரை அவள் எங்கே இருக்கிறாள் என்று கணக்கு இருக்கும். அதற்குப் பிறகு உங்கள் வீடு இருக்கிறது. நீங்கள் தைத்துக்கொண்டிருக்கும் வெளிச்சத்திலேயே அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து படிக்கட்டும். அம்மா வரும் வரை என் கண் பார்வையில் இருப்பாள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அது 5,000 ரூபாயைவிடப் பெரிய உதவி. அதே வயதில் தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது யாருக்கும் அது 'உதவி' என்று தோன்றாது.

தாய்மாமன் விஷயத்தில் கவனமாகப் பேசுங்கள். அண்ணன் தம்பி உறவை அறுக்க வந்தவள் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடக் கூடாது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லாமல், இப்போது வேண்டாம், பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று சொல்லுங்கள். 'படித்து முடித்ததும் அவனுக்கே கொடுப்போம்' என்ற வாக்கை மட்டும் அவள் சார்பில் நீங்கள் கொடுத்துவிடாதீர்கள். அது அவள் சொல்ல வேண்டியது. அவளிடம் இதுவரை யாராவது கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு நாள் ஜாக்கெட் அளவெடுக்கிற சாக்கில் வரச் சொல்லி, உனக்கு என்னம்மா ஆசை என்று கேளுங்கள். உடனே பதில் வராது. இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த நாலு நாள்.

மாதவிலக்கு நாட்களில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் ஒன்றாக இருக்காது. வயிற்று வலியாக இருக்கலாம். நாப்கின் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் 'தூரம்' என்று ஒதுக்கி உட்கார வைக்கலாம். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லாமல் இருக்கலாம், தண்ணீர் வராமல் இருக்கலாம், நனைந்ததைப் போட ஒரு மூடி போட்ட வாளி இல்லாமல் இருக்கலாம். ஒரு முறை வெள்ளைச் சுடிதாரில் கறை பட்டு, பின்னால் இருந்து யாரோ சிரித்திருக்கலாம். கடைசியில் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள். அந்த ஒரு சிரிப்புக்காக ஒரு வருஷம் முழுக்க மாதா மாதம் வீட்டில் இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. வலி தாங்க முடியவில்லை என்றால், ஏழு நாளைத் தாண்டியும் போகிறது என்றால், மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லாதீர்கள். ஊருக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னல் வழியாக வீசும் பிள்ளைகள் நிறைய. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்கள், அவ்வளவு புரட்டாது.

நாப்கினைப் பொறுத்தவரை, 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு 'புதுயுகம்' திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. திட்டத்தின் கணக்கு, இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அதாவது மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் போக்கு உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டுகூட வராது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். மிச்சத்துக்கு அவள் எங்கே போவாள்? கடையில் ஆண்கள் நிற்கிறார்களா என்று பார்த்து, காத்திருந்து, செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டு வாங்கி வர வேண்டும். உங்கள் குழுப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கு வையுங்கள். மொத்தமாக வாங்கி உங்கள் தையல் அலமாரியில் திறந்தே வையுங்கள், நூல் கண்டு, பட்டன் டப்பா வைக்கிற மாதிரி. தெருப் பிள்ளைகள் வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்ளட்டும். யார் எடுத்தார்கள் என்று நோட்டுப் போடாதீர்கள்.

கழிப்பறைத் தாழ்ப்பாளுக்கு நீங்கள் தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் குழுவில் அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்கள் இருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். தாழ்ப்பாள், தண்ணீர், மூடி போட்ட வாளி, அப்புறம் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை ஆசிரியர் அறையில் வைக்கும் பழக்கத்தை நிறுத்துவது. இந்த நாலும் நடந்தால் வருகைப் பதிவேட்டில் தெரியும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கிறது. வயசுக்கு வந்ததற்குப் பந்தல் போட்டு, ஆளுயர ஃபிளெக்ஸில் பிள்ளையின் படத்தைப் போட்டுத் தெரு முனையில் கட்டுகிறோம். சீர்வரிசை வருகிறது, மொய் எழுதுகிறோம். அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்குப் போக வேண்டும். கூடப் படிக்கும் பையன்களும் அதைத் தாண்டித்தான் போவார்கள். ஊருக்கே சொல்லிவிட்டு, மறுமாதத்தில் இருந்து அதே பிள்ளையை மூலையில் உட்கார வைக்கிறோம். சடங்கு செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசில்லை, உறவுமுறை கூடும் நல்ல நாள் அது. அந்தப் படம் மட்டும் வேண்டாமே.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 5,000 ரூபாயை மார்ச்சில் கொடுத்தால் மார்ச்சிலேயே கரைந்துவிடும், வட்டிக்காரருக்குப் போகும். பெற்றவர்களைக் குறை சொல்லவில்லை, கடற்கரை வீட்டுக் கணக்கு அப்படி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கூலிக்குப் போகிறவர் வீட்டில் வருமானம் படுத்துவிடும், நிவாரணத் தொகை அடுப்புச் செலவுக்கே சரியாகிவிடும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அந்த நாட்களில்தான் வருகிறது, பிளஸ் ஒன் சேர்க்கையும் அப்போதுதான். நம் பக்கத்துக் கடற்கரையில் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பு அந்த இரண்டு மாதத்தில் சத்தமில்லாமல் நின்றுபோகிறது. யாரும் நிறுத்துவதில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒத்திப் போடுவார்கள், ஜூன் வந்துவிடும், பள்ளி திறந்துவிடும். ஆகவே பணத்தைக் குழுக் கணக்கிலேயே வைத்திருந்து, ரிசல்ட் வரும் வாரத்தில் எடுங்கள். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம் இலவசம், பஸ் பாஸ் உண்டு, பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுப்பார்கள். ஆனால் இலவசச் சீருடை எட்டாவது வரைதான். செருப்பு, பை, நோட்டு, புதுச் சீருடை என்று எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஒருவேளை ஒரு பாடத்தில் தவறிவிட்டால் உடனே துணைத்தேர்வு உண்டு, அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். இது தெரியாமலேயே நிறுத்திவிடும் வீடுகள் இருக்கின்றன.

அம்மாவிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ டிப்ளமோவுக்கோ போனால், புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழும். 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. மூன்று வருஷப் படிப்புக்கு 36,000 ரூபாய். பத்தாவதோடு நிறுத்தினால் இது கிடையாது. கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், அதைப் பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுங்கள். கல்லூரி தூரம் என்பார்கள். தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம்.

அந்தத் திட்டத்தின் முழுப் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1989இல் அவர் பெயரில் வந்தது ஏழைப் பெண்களின் திருமணத்துக்கான உதவித் திட்டம், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. இன்று அதே பெயரில் கல்லூரிப் படிப்புக்குப் பணம் வருகிறது. தாலிக்கு வந்த காசு படிப்புக்குத் திரும்பியிருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரியும்.

இனி உங்கள் விழா. அஞ்சலை அம்மாளைப் பற்றி எதைச் சொல்வது என்று கேட்கவில்லை நீங்கள், ஆனால் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. மேடைகளில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'தென்னாட்டின் ஜான்சி ராணி' என்று காந்தி சொன்னதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜான்சி ராணி என்றதும் குதிரையும் வாளும்தான் பிள்ளைகள் மனதில் வரும். அஞ்சலை அம்மாளிடம் இரண்டும் இல்லை. 1890இல் உங்கள் முதுநகரில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்தாவது வரைதான் படிப்பு. 1921இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது தெருவுக்கு வந்தார். இருந்த நிலத்தையும் வீட்டையும் அந்த வேலைக்காகவே விற்றார்.

1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீலின் சிலையை அகற்றச் சொல்லிப் போராட்டம் நடந்தது. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய வெள்ளைக்கார அதிகாரி அவர். அந்தப் போராட்டத்துக்கு அஞ்சலை அம்மாள் போனார், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு. இருவரும் பிடிபட்டார்கள். அந்தச் சின்னப் பெண்ணைக் காந்தி பிறகு தன் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார், லீலாவதி என்று பெயரும் வைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளையைப் போராட்டத்துக்குக் கூட்டிப் போனது சரியா என்று உங்கள் கூட்டத்தில் ஒரு தாய் கேட்பார். கேட்கட்டும். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், முழுச் சமாதானம் எனக்கும் ஆகவில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. பெண் பிள்ளை என்றால் வாசலைத் தாண்டக் கூடாது என்றிருந்த நாளில், தான் எங்கே போனாலும் தன் மகளும் அங்கே வரலாம் என்று நினைத்த தாய் அவர். பின்னால் இன்னொரு முறை சிறையில் இருந்தபோது நிறைமாதம். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்ததும் கைக்குழந்தையோடு வேலூர் சிறைக்குத் திரும்பிப் போனார்.

1937இல் அந்த நீல் சிலை சாலையில் இருந்து அகற்றப்பட்டது. அதே 1937இல் அஞ்சலை அம்மாள் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். 1946இல் மறுபடியும். ஐந்தாவது படித்த பெண். எட்டாவது படித்த நான் பேசினால் எடுபடுமா என்று கேட்டிருந்தீர்களே தங்கை, உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சட்டமன்றத்திலேயே போய் உட்கார்ந்து காட்டியிருக்கிறார். காந்தி பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகள் எல்லாரையும் அங்கே கூட்டிப் போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து கேட்கட்டும். அவளைக் குறித்துச் சொல்வதாக யாருக்கும் தெரிய வேண்டாம், அவளுக்கும் தெரிய வேண்டாம்.

மேடையில் என்ன செய்வது என்றால், உங்கள் குழுவே ஒரு தீர்மானம் போடலாம். குழு உறுப்பினர்கள் யார் வீட்டிலும் பெண்ணுக்கு 18 முடியும் முன்னால் கல்யாணம் இல்லை, அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு உள்கடன் இல்லை, மொய்யும் இல்லை என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அந்த அம்மா உங்கள் குழுவில் இருந்தால் அவரும் மற்றவர்களோடு ஒருவராகக் கையெழுத்துப் போடுவார். தன்னை மட்டும் நிறுத்திக் கேட்டதாக அவருக்கு இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் பேச்சு முற்றி, தேதி குறித்துவிட்டார்கள் என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன நிதானம் எல்லாம் அதோடு முடிந்தது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், அன்றைக்கே. யார் சொன்னது என்று வெளியே சொல்ல மாட்டார்கள். 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்ணுக்கு 18 ஆகும் முன் கல்யாணம் நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நெருங்கிப் பழகிய வீட்டைக் காட்டிக் கொடுப்பதா என்று உங்களுக்கு மனசு பதறும். எனக்கும் ஒரு முறை பதறியது. போன் செய்தேன். அந்த வீட்டார் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண் பிளஸ் டூ எழுதினாள்.

கடைசியாக, உங்கள் தொழில் சம்பந்தமாக ஒரு விஷயம். பிளஸ் ஒன்னுக்கு அவளுக்குப் புதுச் சீருடை வேண்டும். தையல் கூலி நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா துணி எடுத்துக் கொடுக்கட்டும், நீங்கள் தைத்துக் கொடுங்கள், அப்போது இரண்டு பேர் சேர்ந்து செய்ததாக இருக்கும். நிறம் என்ன, மேல்கோட் உண்டா என்று பள்ளியில் கேட்டுவிட்டு எடுங்கள். வளர்கிற பிள்ளை, பக்கத் தையலில் ஒரு அங்குலம் கூடுதலாக உள்ளே விட்டுத் தையுங்கள், இரண்டு வருஷம் வரும். அப்புறம் டாப்ஸில் வலது பக்கம், வெளியே தெரியாத மாதிரி, ஒரு பை வையுங்கள். ரெடிமேடில் பெண் பிள்ளைகளுக்குப் பை வைப்பதே இல்லை, அதனால் வகுப்பில் இருந்து கழிப்பறைக்குப் போக ஸ்கூல் பேக்கையே தூக்கிக்கொண்டு போகிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு நாப்கின் மடங்காமல் உள்ளே போகும் ஆழம் இருந்தால் போதும். ஆறு அங்குலம் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்